போர்வைக்குள்ளே

ஊரே வெந்துகொண்டிருந்த அந்த வாரத்தில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. ஏழு நாளாக ஓர் இலை அசையவில்லை. காலை எட்டு மணிக்கே தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. எல்லா வீட்டுக் கம்ப்ரசரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக மூச்சை விட்டதில் அவனுடைய போன் ஓயவே இல்லை.

அன்றைக்குத்தான் அவன் மனைவி பேறுகால விடுப்பு முடிந்து கூரியர் அலுவலகத்துக்குத் திரும்பினாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருவதாகச் சொன்ன மச்சினிக்குத் திடீர்க் காய்ச்சல். ஐந்து மாதப் பெண் குழந்தை. விழித்திருக்கிற நேரமெல்லாம் ஏதாவது மிழற்றிக்கொண்டே இருப்பாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். இன்றைக்கு ஒரு வேலைக்கும் போகமாட்டேன், வாசல்படி தாண்டமாட்டேன் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் மெக்கானிக் மனைவியை அனுப்பிவைத்தான்.

பத்தரை மணிக்கு மருந்துக்கடை அக்கா கூப்பிட்டாள். இன்சுலின் வைக்கிற ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டதாம். இன்னும் ஒரு மணி நேரம் போனால் மருந்தெல்லாம் குப்பைக்குத்தானாம். கடை இரண்டு தெரு தள்ளி. அரை மணி நேர வேலை. அவன் கொஞ்சம் தயங்கினான், பிறகு பையை எடுத்தான்.

வாயாடியைக் குழந்தை வண்டியில் படுக்கவைத்தான். பிஞ்சு முகத்தில் வெயில் படக் கூடாதே என்று வெள்ளைப் போர்வை ஒன்றை வண்டிமேல் போட்டு, நாலு பக்கமும் இழுத்துத் துணிக் கிளிப் மாட்டினான். எதையும் கச்சிதமாகச் செய்கிறவன். ஓர் இடுக்கு விடவில்லை. வழியில் ஒரு பெண்மணி நின்று பார்த்து, இப்படியல்லவா குழந்தையைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றுவிட்டுப் போனாள். அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்ன முற்றம். வண்டியை அந்த நிழலில் நிறுத்திவிட்டு, கதவுக்கு உள்பக்கம் ஃப்ரிட்ஜைத் திருப்பிவைத்து உட்கார்ந்தான். கை நீட்டினால் வண்டியைத் தொடலாம். வாயாடி கொஞ்ச நேரம் எதையோ பேசினாள். பிறகு சிணுங்கினாள். பிறகு அதுவும் நின்றது. தூங்கிவிட்டாள் என்று அவனுக்கு நிம்மதி. விசிறி மோட்டார் இறுகிப்போயிருந்தது. அதைக் கழற்றி மாட்டுவதற்குள் அரை மணி என்பது இழுத்துக்கொண்டே போனது.

கூட்டம் குறைந்ததும் அக்கா பின்பக்கம் வந்தாள். வண்டியை அப்போதுதான் பார்த்தாள்.

"உள்ள குழந்தையா இருக்கு? சத்தமே காணோமே."

"சமத்துக்கா. வந்ததுலேருந்து தூங்குது."

"வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சே தம்பி."

அவன் கை நின்றது. காலை வேளையில் வாயாடி ஒருநாளும் இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை. ஃப்ரிட்ஜுக்குள் குளிர் பார்ப்பதற்காக அவன் கையில் வெப்பமானி இருந்தது. என்ன நினைத்தானோ, அதன் ஒயர் முனையைப் போர்வைக்கு அடியில் நுழைத்தான். இத்தனை வருஷமும் அந்த எண் இறங்குவதற்காகக் காத்திருந்தவன் அவன். இப்போது அது ஏறியது. முப்பத்தெட்டு. நாற்பது. நாற்பத்து இரண்டைத் தாண்டியும் அது நிற்கவில்லை.

போர்வையைப் பிய்த்து எறிந்தான். அடுப்பைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடித்தது. குழந்தையின் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. ஆனால் அவனைப் பார்க்கவில்லை. தூக்கினான். தலை துணிபோலத் துவண்டு பின்னால் சாய்ந்தது.

முதலில் ஐஸ் கட்டிக்குத்தான் பாய்ந்தான். அக்கா தடுத்தாள்.

"ஐஸ் வேண்டாம். உடம்பு நடுங்க ஆரம்பிச்சா இன்னும் மோசம். சட்டைய கழட்டு, தண்ணி கொண்டா."

குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியின் கொதிநீர் வந்தது. குடிநீர்க் கேனைக் கவிழ்த்துத் துண்டை நனைத்தான். அக்கா ஒரு கையால் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டபடியே மறு கையால் குழந்தையின் கழுத்தையும் அக்குளையும் தொடையிடுக்கையும் துடைத்தாள். மேஜை விசிறியை எட்ட வைத்து ஓடவிட்டாள். வாயில் இரண்டு சொட்டு விடவா என்று அவன் கேட்டதற்கு, நினைவு தெளியாத குழந்தைக்கு எதையும் புகட்டாதே, புரையேறிவிடும் என்றாள். டயப்பர் காய்ந்து கிடந்தது. காலையில் மாற்றியது, சொட்டு ஈரமில்லை.

துடைத்தார்கள். விசிறி ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. கடைக்கு முன்னால் யாரோ தலைவலி மாத்திரை கேட்டுக் கூப்பிட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு இடது கால் ஒரு முறை உதைத்தது. உதடு கோணியது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஓர் அழுகை வந்தது. மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். வெயிலை மறைக்கிற போர்வை காற்றையும் அடைத்துவிடுகிறது, உள்ளே போன சூடு வெளியே வர வழியில்லை என்றார் டாக்டர். இன்னும் அரை மணி போயிருந்தால் என்று தொடங்கியவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. அக்கா அவனைத் தனியாக அழைத்து, வெயிலுக்குச் சுருண்டுவிட்டாள் என்று மட்டும் பெண்டாட்டியிடம் சொல், மற்றதெல்லாம் எதற்கு என்றாள்.

மனைவி அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஓடிவந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். கடைக்குப் போனது, போர்வை, கிளிப், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் பார்க்காதது, ஒன்றுவிடாமல். அவள் குழந்தையின் சின்னக் கையில் குத்தியிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா இருந்தாலும் அப்படித்தான் மூடியிருப்பேன்" என்றாள் கடைசியில்.

அது ஆறுதலாக இல்லை.

"ஆனா போகமாட்டேன்னு சொன்னீங்க" என்றாள்.



மூன்றாம் நாள் மதியம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். குழந்தை பால் குடித்தாள், கைகாலை ஆட்டினாள். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார்கள். வெளியே சாலை வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் திரும்பி, தாழ்வாரப் பெஞ்சில் விசிறிக்கு நேரே உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் குழந்தையை அவன் மடியில் வைத்தாள். அவன் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். உடனே இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தான். வெயில் தாழட்டும் என்று ஐந்து மணிவரை அப்படியே இருந்தார்கள், அப்போதும் வெயில் இறங்கவில்லை.