அந்த மலையின் எண்

திரையில் எழுந்து நின்ற மலையை அவள் ஒரு பார்வை பார்த்தாள். இதுவும் அது இல்லை. சிகரம் கூர்மையாகத்தான் இருந்தது, பனியும் குறை சொல்ல முடியாதபடி படிந்திருந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஆள் போல் நின்றது. அழித்தாள்.

பழைய படம் ஒன்றைத் தெளிவாக்கி மறுபடி வெளியிடப் போகிறார்கள். அதன் கடைசிக் காட்சியில் வரும் மலை கேமராவில் எடுத்ததல்ல. அவளும் அவள் கணவனும், அதாவது அப்போதைய கணவன், ஒரு மாடி அறையில் உட்கார்ந்து எழுதிய புரோகிராம் உண்டாக்கியது. பழைய படத்தில் அது மங்கலாக இருந்ததால் இப்போது பெரிதாகப் புதிதாக உண்டாக்க வேண்டும். புரோகிராமுக்கு ஒரு எண்ணைக் கொடுத்தால் போதும். மேடும் பள்ளமும் பாறையும் வெடிப்பும் அந்த எண்ணிலிருந்தே விளையும். அதே எண்ணுக்கு எப்போதும் அதே மலை. ஒரு இலக்கம் பிசகினாலும் வேறு மலை. புரோகிராம் பத்திரமாக இருந்தது. எண்தான் இல்லை.

"ஏதோ ஒரு மலைய வச்சு ஒப்பேத்த முடியாதும்மா. ஜனங்களுக்கு அது மனப்பாடம்" என்று இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கல்யாணத் தேதி, வீட்டு எண், அவன் பிறந்தநாள், அவனுடைய பழைய ஸ்கூட்டரின் எண் என்று எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு மலை வந்தது. கூடவே அந்த அறையும் வந்தது. இருந்த ஒரே மின்விசிறியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு இருவரும் அட்டையால் விசிறிக்கொள்வார்கள். ஒரு மலை முழுதாக வருவதற்குள் சமைத்து, சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடலாம். அவள் வயிற்றில் குழந்தை இருந்த மாதங்கள் அவை. வீங்கிய கால்களை அவன் மடியில் நீட்டிக்கொண்டு பாறைகளுக்கு விதி எழுதினாள்.

பிறகு குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இவனும் ஒரு மனுஷனா என்று அன்று நினைத்தாள். அந்த நினைப்பு வீட்டில் இடம் பிடித்துப் பிடித்து, கடைசியில் இரண்டு பேருக்கும் இடமில்லாமல் போயிற்று.

வேறு வழியில்லாமல் போனை எடுத்தாள்.

"நான்தான்."

"தெரியுது. சொல்லு."

"அந்த மலைக்கு என்ன நம்பர் போட்ட?"

"நீ எதெல்லாம் போட்டுப் பார்த்த?"

சொன்னாள். ஸ்கூட்டர் என்றதும் அவன் சிரித்தான். "அந்த ஓட்ட வண்டிக்கு மலை ஒண்ணுதான் குறைச்சல்." அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் அவன் சொன்னான்.

"டாக்டர் ஒரு தேதி சொன்னாங்கல்ல, குழந்தை பொறக்கும்னு. அதப் போடு. நாள், மாசம், வருஷம்."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்ப போட்ட?"

"ஆஸ்பத்திரிலேருந்து வந்த அன்னைக்கு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ என் முகத்தையே பார்க்கல. அப்புறம் படம் வந்துச்சு, ஊரே பார்த்துச்சு. அதுக்கு மேல எனக்கு வாய் வரல."

அந்தத் தேதியை அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வருஷா வருஷம் அன்றைக்கு மட்டும் தலைவலி என்று லீவு போடுகிறவள். தட்டினாள். பெரிய படம் என்பதால் மேலிருந்து கீழாக மெதுவாக வரத் தொடங்கியது.

"வந்துருச்சா?"

"இப்பதான் வானம் வருது."

"சரி, வேலையப் பாரு. வச்சிடறேன்."

"இரு" என்றாள்.

அவன் வைக்கவில்லை. வானத்துக்கு அடியில் வெள்ளையாக ஒரு புள்ளி தோன்றியது. அது மெல்ல அகன்று, இடப்பக்கம் சற்றே தாழ்ந்த தோளாக இறங்கியது. அதன் கீழே பனி படிந்த பள்ளம் ஒவ்வொரு கோடாகத் திறந்துகொண்டிருந்தது.