வராத மாதங்களில் விற்ற மனை

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் லட்சுமியம்மாளுக்கு நாலு ஏக்கர் நிலம் இருந்தது. இரண்டு ஏக்கர் வாய்க்கால் பாயும் கரும்புக் கொல்லை. மற்ற இரண்டும் மானாவாரி. மானாவாரியை ஒட்டிப் பெரிய புறம்போக்குக் கரடு, அதன் நடுவில் தட்டையான தரை. தை பிறந்தால் ஆனி வரைக்கும் ராணுவ ஹெலிகாப்டர்கள் அங்கேதான் இறங்கிப் பழகும். மலைக்காற்றில் இறக்கி ஏற்றப் பழக, சுற்றுவட்டாரத்தில் அதை விட்டால் வேறு சமதரை கிடையாது.

கணவர் இறந்த இரண்டாம் வருடம், மகன் தெய்வசிகாமணி ஒரு தரகரை அழைத்து வந்தான். மானாவாரியை மனையாகப் பிரித்து விற்கலாம் என்றார் தரகர்.

"அந்த ஹெலிகாப்டரு?" என்று லட்சுமியம்மாள் கேட்டாள்.

"ஆவணியில ஆரம்பிச்சி மார்கழிக்குள்ள வித்துப்புடலாம்மா. அப்ப ஒண்ணும் வராது. கேட்டாதான நாம சொல்லணும்."

பத்திரத்தில் கையெழுத்து மட்டும் போட்டாள்.

உள்ளூரில் ஒருவரும் அங்கே மனை வாங்கவில்லை. வாங்கிய ஆறு குடும்பங்களும் வெளியூர். அதில் பிச்சைமுத்துவும் அவன் மனைவி ஜெயம்மாளும் தியாகதுருகம் பக்கத்தில் கரும்பு வெட்டும் கூலிகள். சொந்தமாக ஒரு கூரை என்பது அவர்களுக்கு அதுதான் முதல் முறை. கார்த்திகை மழை விட்டதும் மண்சுவர் வைத்து, மேலே தகரம் போட்டுக் குடிவந்தார்கள்.

அந்த வருடம் பயிற்சி தள்ளிப்போய், மாசியில்தான் முதல் ஹெலிகாப்டர் வந்தது. முற்பகல் நேரம். ஜெயம்மாள் வாசலில் உலை வைத்திருந்தாள். சத்தம் நெருங்க நெருங்கப் புழுதி எழுந்து கண்ணை மறைத்தது. கூரைத் தகரம் ஒன்று ஆணியோடு பிய்ந்து துடித்தது. பிச்சைமுத்து ஓடிப்போய் அதைப் பிடித்தான். தகரம் அவன் வலது முன்கையைக் கிழித்துக்கொண்டு போய் வேலியில் விழுந்தது.

ஹெலிகாப்டர் உடனே மேலெழும்பிப் போய்விட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு தையல் போட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் நரம்பு அறுந்திருந்தது. விரல்கள் மடங்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தாலுகா ஆபீசில் விசாரணை. ராணுவத்திலிருந்து தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் வந்திருந்தார்.

"போன வருஷம் வரைக்கும் அது வெறும் கொல்லை. வீடு வந்தது எங்களுக்குத் தெரியாது," என்றார் அவர். "அன்னைக்கு ஓட்டினவர் புதுசு. அதுக்கப்புறம் அவர் சரியா சாப்பிடறதில்லை."

தாசில்தார் பெருமூச்சு விட்டார். "இறங்குற எடத்த மாத்தச் சொல்லி எழுதலாம். ஆனா முந்தின மழையில மலை ரோடு அறுந்தப்ப, பிரசவ வலியில இருந்த பொம்பளைய இவங்கதான் கீழ கொண்டாந்தாங்க. இந்தப் பழக்கம் இல்லன்னா அது முடியுமா? அதுக்காக இந்தக் குடும்பங்க வூட்ட இடின்னு சொல்லவும் எனக்கு வாய் வரல."

"எல்லாம் தெரிஞ்சிதான் சார் வாங்கனாங்க," என்றார் தரகர்.

ஜெயம்மாள் தலை நிமிர்ந்தாள். தாசில்தார் லட்சுமியம்மாளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இவங்களுக்குத் தெரியுமா?"

லட்சுமியம்மாள் எழுந்து நின்றாள்.

"தெரியாதுங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினேதான் வாய மூடிக்கினு கையெழுத்து போட்டேன்."

தெய்வசிகாமணி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் கையை எடுத்துவிட்டாள்.

"கரும்புக் கொல்லையில கெழக்கோரமா ஆறு பேருக்கும் மனை எழுதித் தரேன். அந்தக் காத்து அங்க எட்டாது. வூடும் நானே கட்டித் தரேன். மானாவாரிய நானே எடுத்துக்கறேன்."

அப்படியே முடிவாயிற்று. கரட்டைச் சுற்றி வீடு கட்டக்கூடாத எல்லைக்குக் கல் நட்டார்கள். ஹெலிகாப்டர்கள் இனி மலைப்பக்கமிருந்தே இறங்கி, அந்தப் பக்கமே ஏறிப் போகும் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். மானாவாரியில் மறுபடி வேர்க்கடலை போட்டார்கள்.

கரும்புக் கொல்லை குறைந்த கோபத்தில் தெய்வசிகாமணி மூங்கில்துறைப்பட்டில் மாமனார் வீட்டோடு போய்விட்டான். அம்மாவிடம் பேசுவதில்லை.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம், லட்சுமியம்மாள் ஜெயம்மாளின் புது வீட்டுக்குப் போனாள். உள்ளே வரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள் ஜெயம்மாள்.

"மனசுல வச்சிக்காத ஜெயம்மா."

"வச்சிக்காம எப்பிடிம்மா இருக்கறது? அவரால சோறு அள்ளித் திங்க முடியல. இனிமே கத்தி புடிக்கவும் முடியாது." காலிச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். "ஆனா அன்னிக்கு நீங்களும் எங்களுக்குத் தெரியும்னு சாதிச்சிருந்தா எங்களால இன்னா பண்ணியிருக்க முடியும்? அதையும் நெனச்சிக்கினுதான் இருக்கேன்."

லட்சுமியம்மாள் வெளியே வந்தாள். பின்பக்கம் பிச்சைமுத்து ஆட்டுக்குத் தட்டி கட்டிக்கொண்டிருந்தான். இடது கையால் முடிச்சுப் போடப் பார்த்தான். மூங்கில் நழுவிக்கொண்டே இருந்தது. அவள் பக்கத்தில் போய், மூங்கிலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் முடிச்சை இறுக்கினான்.