ஜெரூஷா எழுதிக் கொடுத்த கடிதம்

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. குரோம்பேட்டை மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரை வாங்கும்போது, கவுன்டரில் மருந்து எடுத்துக் கொடுக்கும் ஜெரூஷா, "சார், நீங்க கதை எழுதுறவர்தானே? என் தம்பியைப் பத்தி எழுதுவீங்களா?" என்றார். தம்பி ஜெபகுமார் சாலை சைக்கிள் பந்தயத்தில் தேசிய சாம்பியன். [சாம்பியனாக இருந்தவன். அந்த 'இருந்தவன்' எங்கே வரவேண்டும் என்று ஒரு வாரம் குழம்பினேன்.]

2

'காற்றைக் கிழித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் அவன்—'

வேண்டாம். விடியற்காலையில் அந்தச் சாலையில் காற்றைவிட லாரிகள்தான் அதிகம். பதினேழு வயதிலிருந்து அஸ்தினாபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரை மிதித்துத் திரும்புவான். லாரிக்காரர்கள் கண்ணில் படவேண்டுமென்று ஜெரூஷா ஸ்கூட்டியில் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வருவார். பிறகுதான் ஆஸ்பத்திரி டியூட்டி; அப்போது அவர் நர்ஸ். இருபத்து மூன்று வயதில் தேசியப் பட்டம் வென்று தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியவன், பதக்கத்தைக் கழற்றி அக்காவின் கழுத்தில் போட்டான்.

3

மறு ஆண்டும் வென்றான். அந்த மாதமே சிறுநீர்ப் பரிசோதனையில் ஊக்கமருந்து தெரிந்தது. [ஏன் செய்தான் என்று மூன்று பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அவனே வாங்கினான், அவனே போட்டுக்கொண்டான்.]

சமையலறை வாசலில் நின்று கேட்டான். "அக்கா, முதுகுவலிக்கு நீதான் ஊசி போட்டேன்னு எழுதிக் குடு. என்ன மருந்துன்னு எனக்குத் தெரியாதுன்னு போடு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

எழுதிக் கொடுத்தார். விசாரணைக் குழு நம்பவில்லை. பட்டம் பறிபோனது, நான்கு ஆண்டுத் தடை. அந்தக் கடிதத்தை நம்பியது ஆஸ்பத்திரி மட்டும்தான். ஜெரூஷாவின் வேலை போயிற்று.

4

தடை முடிந்தும் அவன் சைக்கிளைத் தொடவில்லை. கூடுவாஞ்சேரியில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிறான். ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், கடிதத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டான்.

முதலில் எழுதிய முடிவில் அவனை அழ வைத்து, மன்னிப்புக் கேட்க வைத்தேன். ஜெரூஷா கவுன்டரில் நின்றபடியே படித்தார்.

"நல்லா இருக்கு சார். ஆனா அவன் கேக்கல."

"கதைதானேம்மா. கேட்கட்டுமே."

"அவனுக்காக நான் ஒரு வாட்டி பொய் எழுதிட்டேன் சார். நீங்களும் எழுதாதீங்க."

அந்தப் பக்கத்தை அங்கேயே கிழித்தேன்.

5

போன ஞாயிறும் வந்தானாம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "அக்கா" என்று கூப்பிட்டானாம். இவர் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

அதற்குமேல் ஜெரூஷா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் மன்னிப்புக் கேட்டிருப்பான் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். நான் எழுத மாட்டேன்.