ஒன்பதாம் பக்கம்

1
இந்தக் கதை, ‘நிறுவன நன்னடத்தை விதிகள்’ என்ற சின்னப் புத்தகத்திலிருந்து வந்தது. அக்கா வேலை பார்க்கும் ஹெல்மெட் கம்பெனியில் ஆளுக்கொன்று கொடுத்து, படித்துவிட்டதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை. நான் படித்தேன். வீட்டில் படிக்க வேறெதுவும் மிச்சமில்லை.

2
முதல் வரி: அன்று வானம் இருண்டு

(அடித்துவிட்டேன். சோதனைப் பிரிவில் ஜன்னலே கிடையாது.)

மறுபடியும்: ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்ப்பது அக்காவின் வேலை. அன்று காலை இருபது பட்டைகளை இழுத்தாள். ஏழு அறுந்துவிட்டன. வாசலில் லாரி காத்திருந்தது. ‘சரக்கு தேறியது’ என்று அச்சடித்த தாளை சூப்பர்வைசர் நீட்டினார்.

“போடும்மா. ஒரு கையெழுத்துதானே.”

“ஏழு அறுந்துபோச்சு சார்.”

“பதிமூணு அறுந்துபோகலையே, அதைப் பாரு.”

போடாவிட்டால் வேலை போகும். எங்கள் வீட்டில் வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான்.

3
சூப்பர்வைசருக்கு முதலில் முரட்டு மீசையும் நரிச் சிரிப்பும் வைத்தேன். பிறகு அக்காவிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன்.

“மீசையே கிடையாதுடி. அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கேக்காமலே லீவு குடுத்தவரு. ஏன் கேக்குற?”

“சும்மா.”

வில்லன் இல்லாமல் கதை நொண்டியடிக்கும். இருந்தாலும் மீசையை எடுத்துவிட்டேன்.

4
“சார், விதிப் புத்தகம் ஒன்பதாம் பக்கத்துல, தேறாத சரக்குக்குக் கையெழுத்து கேட்டா, கேக்குறவர் தான் கேட்டதா எழுதிக் குடுக்கணும்னு போட்டிருக்கு.”

“அதையெல்லாம் யாரும்மா படிக்கிறா?”

“என் தங்கச்சி.”

“அவளுக்கு வேற வேலை இல்லையா?”

“இல்ல சார்.”

(அந்த விதியை எழுதியவர் கெட்டிக்காரர். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடு என்றால் பத்தில் ஒன்பது பேருக்குக் கை வராது. விதிப் புத்தகத்தால் ஆகும் பயன் என்று நான் கண்டது இவ்வளவுதான்.)

5
முடிவு ஒன்று: சூப்பர்வைசர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லாரியைத் திருப்பி அனுப்புகிறார். (எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு இரண்டு: மறுநாள் அக்காவை வாசலிலேயே நிறுத்தி

இல்லை. இரண்டும் நடக்கவில்லை. சூப்பர்வைசர் அந்தப் பத்தாவது ஆள். உட்கார்ந்து நிதானமாக எழுதினார். தேதி போட்டார். கையெழுத்தும் போட்டார்.

“இந்தா, நீ கேட்டது. இப்ப போடு.”

எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன செய்வதென்று ஒன்பதாம் பக்கத்தில் இல்லை. பத்தாம் பக்கம் செருப்பை எங்கே விடுவது என்பதைப் பற்றியது.

அக்கா பேனாவைத் திறந்தாள்.

இதற்கு மேல் நான் எழுதினால் அக்கா பக்கம் சாய்ந்துவிடுவேன். உங்கள் வீட்டில் ஹெல்மெட் இருந்தால், அதன் பட்டையை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.