எழுபத்து நான்காவது படம்

இளமாறனின் நகக்கண்களில் இருந்த நீல மை போகவில்லை. அங்காளம்மாள் தம்பியின் கையை மடியில் வைத்துச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் மண்ணெண்ண கொண்டா, ஃபிரெடி.”

“வுடுங்க அண்ணி,” என்றாள் வெண்ணிலா. “அது அப்பிடியே போவட்டும்.”

அங்காளம்மாள் தம்பி மனைவியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை மெல்லக் கீழே வைத்தாள்.

தெருச் சுவர்களில் படம் வரைகிறவன் இளமாறன். நேற்றுக் காலை ஏணியிலிருந்து இறங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நாற்பத்தோரு வயது.

ஏரிக்குப் போகும் வழியில் ஒரு கம்பெனி இரும்பு கேட் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. ஏரி மீனை நம்பி ஊரில் நூறு வீடுகள். அந்த வழியை யாரும் புழங்குவதில்லை என்று அதிகாரி எழுதிவிட்டார். ஊரார் சத்தம் போட்டதில், நாளைக் காலை மறுபடி பார்க்க வருகிறார். வீட்டுக்கு ஒருவர் கேட் முன்னால் நிற்பதாக ஏற்பாடு.

அவர்கள் கையில் பிடிக்கத்தான் இளமாறன் படம் அச்சிட்டான். தலையில் மீன்கூடையோடு ஒருத்தி கேட்டைத் தள்ளுகிறாள். வீட்டுக்கு ஒன்று, நூறே நூறு. எண் போட்டு, கீழே அவன் கையெழுத்து. முடிந்ததும், மேற்கொண்டு அச்சிட முடியாதபடி, வலைத்துணி கட்டிய அச்சுச் சட்டத்தைக் கழுவிவிடுவதாகக் கூட்டத்தில் சொல்லியிருந்தான்.

“எத்தினி வூடோ அத்தினி படம். ஒண்ணு ஜாஸ்தியாப் போட்டாலும் நாம சொல்றது பொய்யாப் பூடும்.”

நூறும் அச்சாகிவிட்டன. எண்ணும் கையெழுத்தும் எழுபத்து மூன்றோடு நின்றிருந்தன. மீதி இருபத்தேழு உள்ளறைக் கொடியில் துணிக் கிளிப்பில் தொங்கின.

ஃபிரெடி இளமாறனின் நண்பன்; கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவன். சட்டம் அவனுடையது. வெண்ணிலாவை அறைப் பக்கம் கூப்பிட்டான்.

“நான் போட்டுரட்டாக்கா? அவன் கையெழுத்து எனக்குத் தண்ணி பட்ட பாடு. உனக்கே வித்தியாசம் தெரியாது.”

“தெரியும்.”

பாடை கட்டிக்கொண்டிருந்த பங்காளி கோபு எட்டிப் பார்த்தான். “அதுக்கு இன்னாத்துக்கு இத்தினி பேஜாரு? எடுக்கறதுக்குள்ள கட்டவெரலப் புடிச்சி உருட்டிக்கினா முடிஞ்சிது.”

“போடா! உங்கப்பன் செத்தன்னிக்கு நீ உருட்டுன உருட்டு ஊருக்கே தெரியும்,” என்றாள் அங்காளம்மாள்.

அழுதுகொண்டிருந்த பெண்களில் இருவர் சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஃபிரெடி குரலைத் தாழ்த்தினான். “அப்போ கிழிச்சிரணும்க்கா. கையெழுத்து இல்லாதத வெளிய வுடக் கூடாது. தொழில் மொற அது.”

“இருபத்தேழு வூட்டுக்காரங்களும் வெறுங்கையோட நிக்கவா?”

வெளியே மேளம் தொடங்கியது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். சுடுகாட்டிலிருந்து ஆண்கள் வருவதற்குள் வீட்டைக் கழுவ வேண்டும். அங்காளம்மாள் வாளியில் தண்ணீர் பிடித்தாள்.

வெண்ணிலா உள்ளறைக்குப் போய்க் கொடியிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அச்சடிக்கும்போது ரப்பர் கட்டையால் மையை இழுத்தது இளமாறன். சட்டம் அசையாமல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தது அவள். நூறு முறை. ‘புடி தளந்தா படத்துல உன் மூஞ்சி ரெண்டாப் பூடும்’ என்று ஒவ்வொரு பத்துக்கும் சொல்லிச் சிரித்தான்.

தரையில் உட்கார்ந்து அவன் பென்சிலை எடுத்தாள்.

“இன்னாடி பண்ற?” அங்காளம்மாள் வாளியோடு வாசற்படியில் நின்றாள்.

“கையெழுத்து போடறேன்.”

“அவன் கையெழுத்தா?”

“என்னுது.”

“இன்னிக்கா? வூடு கூட இன்னும் கழுவல.”

“நாளைக்கு ஆபீசர் வராரு, அண்ணி.”

“பாதி ஒருத்தன், பாதி ஒருத்தி. இன்னா இதுன்னு கேட்டா?”

“நடுவுல செத்துட்டாரு, மிச்சத்த நான் போட்டேன்னு சொல்லுவேன். அதானே நெசம்.”

அங்காளம்மாள் வாளியை ஓரமாக வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எந்த நம்பர்லேர்ந்து?”

“எழுவத்தி நாலு.”

அங்காளம்மாள் தாளை நகர்த்திக் கொடுத்தாள். முதல் ‘வெ’ கோணலாக விழுந்தது. எண்பதுக்கு மேல் கை பழகிவிட்டது.

நூறாவதையும் போட்டு அடுக்கிய பிறகு வீட்டைக் கழுவினார்கள். அதே தண்ணீரில் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு வெண்ணிலா சட்டத்தை வாசலுக்குக் கொண்டுவந்தாள். பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்தாள். கூடை முதலில் கரைந்தது. பிறகு அவள் முகம். கேட்டின் கம்பிகள் போகத்தான் நேரம் பிடித்தது.

வலைத்துணி சுத்தமானதும் சட்டத்தைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தாள். அதன் வழியே தெரு முழுவதும் தெரிந்தது. முனையில் ஃபிரெடியும் மற்றவர்களும் ஈரத் தலையோடு வந்துகொண்டிருந்தார்கள்.