வயிற்றுப்புண் என்று சொன்ன டாக்டர்

தொலைக்காட்சியில் மசாயோ என்ற பெண் செத்துக்கொண்டிருந்தாள். அது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டாக்டர் ஹிடாகா அவள் நாடியைப் பிடித்தபடி, "வயிற்றுப்புண்தான், பயப்படாதீங்க" என்றான். அவள் புருஷன் கதவோரம் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வயலின் அழுதது.

"வாயைத் திறந்தா பொய்!" என்று கத்தினாள் ஷிகெனோ.

"நாடகம்தானேம்மா. கத்தாதே, தையல் பிரிஞ்சிடப் போகுது" என்றாள் மகள் ஓரியே. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்கு வருகிறவள், இப்போது ஞாயிறு தவறாமல் ஒசாகாவிலிருந்து வந்துவிடுகிறாள்.

ஷிகெனோவுக்குப் போன மாதம் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அவளுக்கும் வயிற்றுப்புண் என்றுதான் சொன்னார்கள். முடிவு சொல்லும் நாளில் டாக்டர் அவள் கணவர் தமோட்சுவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். பெரிய நோய் என்றால் வீட்டாரிடம் மட்டும் சொல்வதுதான் வழக்கம். மாமனார் புற்றுநோயில் படுத்திருந்தபோது அவளே, "புண் ஆறிக்கிட்டு வருது மாமா" என்று சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதமாக வீடு முழுக்க அதே சிரிப்பு.

"ஹிடாகா நல்லவன்மா. அவ மனசு உடையக்கூடாதுன்னுதானே..."

"நல்லவனா? உசுரு அவளோடது. அவகிட்ட மட்டும் சொல்லாம ஊர் பூரா சொல்றவன் நல்லவனா? அவனையும் அந்த நர்ஸையும் பாரு. மொட்டை மாடியில நின்னு ரெண்டு பேரும் இவளை நினைச்சுக் கண்ணீர் விட்டே காதலிச்சு முடிச்சுட்டாங்க. இவ செத்தாத்தான் அதுங்களுக்குக் கல்யாணம்!"

ஓரியே சிரித்துவிட்டாள். சிரித்தது தப்போ என்பதுபோல் உடனே அப்பாவைப் பார்த்தாள்.

தமோட்சு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சுளையில் ஒட்டிய வெள்ளை நாரையும் நீக்கி, அவள் முன்னால் வரிசையாக வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து தன் தேநீரைக்கூடத் தானே ஊற்றிக்கொள்ளாத மனுஷன். ஷிகெனோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க, அந்தப் புருஷனைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"பாவம் அவன்" என்றார் தமோட்சு, ஆரஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒத்தையாச் சுமக்கிறான். யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு குளிக்கிற ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அழறான்."

ஷிகெனோ தொலைக்காட்சியை அணைத்தாள்.

"ஒரு வாரம் விடாமப் பாக்கிறேன். இந்த நாடகத்துல இதுவரைக்கும் ஒருத்தனும் குளிக்கலையேங்க."

தமோட்சுவின் விரல்கள் நின்றன. ஓரியே, "அம்மா..." என்று தொடங்கினாள்.

"ரெண்டு பேரும் பேசாதீங்க. உங்க வாயால கேட்டா அதுலயும் சர்க்கரை கலந்துதான் வரும். பாவமாம் அவன்! அவளுக்கு இன்னும் எத்தனை நாளுன்னு தெரிஞ்சா, தங்கச்சியோட இருக்கிற சண்டையைத் தீர்த்துக்குவா. பிடிச்சதைத் தின்னுவா. உங்களை வாய் நிறையத் திட்டுவா. அதையெல்லாம் பிடுங்கிக்கிட்டு, பதிலுக்கு ஆரஞ்சு உரிச்சுக் கொடுக்கிறீங்க!"

"ஷிகெனோ, நான்..."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். டாக்டர் யாரைக் கூப்பிட்டாலும் உள்ளே போறது நான். நீங்க ரெண்டு பேரும் வெளியே பெஞ்சுல உக்காந்து என் கைப்பையைப் பிடிச்சுக்கிட்டு இருங்க. எப்படி இருக்குன்னு பாருங்க."

தமோட்சு தலையசைத்தார். கண்ணீர் ஆரஞ்சுத் தோல்மேல் விழுந்தது. இந்தத் தடவை தண்ணீர்ச் சத்தம் எதுவும் இல்லை.

உரித்து வைத்த சுளைகளை ஷிகெனோ அவர் பக்கம் தள்ளினாள். கூடையிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்துத் தானே உரித்து, நாரோடு தின்றாள்.