சூரையில் பழுத்த இலந்தை

“சூரைமுள் புதர்ல இலந்தைப் பழம் பறிச்சுத் தாரேன். ஒரே வேரு. ஒரு கொப்புல கறுப்பு, ஒரு கொப்புல சிவப்பு. நம்ம கோயில் மொட்டைக் கோபுரத்துக் கிளியெல்லாம் எதைக் கொத்தன்னு தெரியாம பைத்தியம் பிடிச்சு அலையப் போவுது, பாரும்!”

1957 ஆனியில் தென்காசித் தெருவில் நின்று இப்படி அறிவித்தவர் சங்கரபாண்டி. குற்றால மலையில் காட்டுக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்படி, அங்கே நூற்று நாற்பது புலிகள் அவருக்கு வணக்கம் வைத்திருந்தன.

எதிரே நின்ற நெசவாளர் பீர் மைதீனுக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டை அகலப்படுத்த அவர் வாசல் இலந்தையை மறுநாள் வெட்டுகிறார்கள். காலமாகிவிட்ட மனைவி அலிமா, கல்யாணமான வருஷம் துப்பிய கொட்டையில் முளைத்த மரம்.

“சூரை புதருவே. மிளகு கணக்கா கறுப்பாக் காய்க்கும். இது மரம். இலையைத் திருப்பினா பஞ்சு ஒட்டுனாப்ல வெள்ளை. அது எங்க, இது எங்க?”

“கொக்கி முள்ளைப் பாரும், ஒரே சாடை. அக்கா தங்கச்சிவே ரெண்டும். அக்கா வீடு இடிஞ்சா தங்கச்சி இடம் குடுக்க மாட்டாளா?”

சங்கரபாண்டி இலந்தையின் இலைமொட்டு ஒன்றைப் பட்டையோடு சீவி எடுத்து, தன் கொல்லையில் நின்ற சூரையின் தண்டைக் கீறிச் செருகினார். மைதீன் தறியிலிருந்து நீல நூல் கொண்டுவந்து தன் கையாலேயே முடிச்சுப் போட்டார். “நடக்காதுவே,” என்றார்.

மறுநாள் மரம் விழுந்தது. சங்கரபாண்டிக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை. புலிக்கதை பொய்த்தால் யாரும் அழப்போவதில்லை. இது பட்டுப்போனால்? பக்கத்து ஊர் மேலகரத்து ஆடுகள் அத்தனையும் அந்தத் துளிரைத் தின்னவே பிறந்தவை என்று நம்பி, கம்போடு காவல் இருந்தார்.

அடுத்த வருஷம் மார்கழியில் தெருவே வந்து பார்த்து வாயைப் பிளந்தது. கறுப்புப் பழங்களுக்கு நடுவே, ஒரு கொப்பில் மட்டும் ஏழு சிவந்த பழங்கள். நம்பாதவர் ஒருவர்தான்.

“எந்த நூல்ல கட்டித் தொங்கவிட்டிருக்கீரு?” மைதீன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொப்பு முழுக்கத் தடவினார். முள் கிழித்தது. கடைசியில் ஒரு முடிச்சு அகப்பட்டது. ஒட்டின இடத்தில், புடைத்த பட்டைக்குள் பாதி மக்கிக் கிடந்தது நீல நூல். அவர் போட்ட முடிச்சு.

ஓர் இலையைத் திருப்பினார். வெள்ளை. ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார். கொட்டையை வெகுநேரம் துப்பவே இல்லை.

சங்கரபாண்டி கம்பை ஊன்றிக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்.

“புலி வணக்கம் வச்சத நம்பமாட்டேன்வே,” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் மைதீன். “இது அலிமா மரந்தான். நடந்திருக்கு.”